முப்பத்தாறா, முப்பத்தெட்டா?

சங்க மலருக்கு இம்முறை என்ன எழுதப் போகிறீர்கள் என்று ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்தபோது, ரயில்வேயில் நடந்த பழைய கதை ஏதாவது எழுதி அனுப்புகிறேன் என்றுதான் சொன்னேன். போனை வைத்ததும் என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ரயில் கதை எல்லாம் போதுங்க. நாம ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் பட்ட பாட்டை எழுதுங்க. நாலு பேருக்குப் பிரயோஜனப்படும். என் பேரை மட்டும் போடாதீங்க."

"என் பேர் கட்டுரைக்கு மேலே இருக்குமே, உன் பேர் எல்லாருக்கும் தெரியுமே?" என்றேன்.

"தெரியட்டும். அச்சுல வேண்டாம்."

ஆகவே அன்பர்களே, இது என் மனைவியின் அனுமதியோடு, அவள் ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்த பிறகு எழுதப்பட்டது. விஷயம், பெண்கள் அணியும் பிரா. அதுவும் அளவு சரியான ஒரு பிரா. முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். ஆனால் மனைவி, தாய், சகோதரி, மகள் என்று யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால், கொஞ்சம் பொறுத்துப் படித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு 1981-இல் தென்னக ரயில்வேயில் சேர்ந்தேன். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் பல வருடம், அதிலும் வீல் ஷாப்பில் நீண்ட காலம். 2019-இல் ஓய்வு பெற்றதும், மனைவியின் தகப்பனார் விட்டுச் சென்ற வீடும் பாக்குத் தோட்டமும் இருக்கும் சௌல்தாரிக்கு வந்து சேர்ந்தோம். அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ரயில் என்பதே இல்லாத தீவில் ஒரு ரயில்வேக்காரன் வந்து குடியேறினான் என்று ஊரில் இன்னமும் சிரிக்கிறார்கள்.

வீல் ஷாப் வேலை என்பது அளக்கிற வேலை. அகலப் பாதை வண்டியில் ஒரு ஜோடிச் சக்கரத்தின் உள்முகத்துக்கு உள்முகம் 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கூடலாம், ஒரு மில்லிமீட்டர் குறையலாம். அதற்கு மேல் போனால் அந்தச் சக்கரம் வெளியே போகாது. ஒரே இடத்தில் அளந்தால் போதாது. வட்டத்தில் மூன்று இடங்களில், 120 டிகிரி தள்ளித் தள்ளி அளப்போம். இப்படி முப்பத்தெட்டு வருடம் அளந்தவன், கூடவே வாழ்ந்த மனைவியின் உள்ளாடை எந்த அளவு என்று அறுபத்து மூன்று வயது வரை கேட்டதே இல்லை. எங்கள் காலத்தில் அதற்குப் 'பாடி' என்று பெயர். எனக்குப் பாடி என்றால் கோச் பாடிதான்.

அவளுக்கும் சரியாகத் தெரியாது என்பது பிறகு தெரிந்தது. சிறு வயதில் அபர்தீன் பஜாரில் அம்மா ஒரு குத்துமதிப்பில் வாங்கி வந்ததைப் போட்டுக்கொள்வாளாம். 1987-இல் எங்களுக்குக் கல்யாணமாகிப் பெரம்பூர் வந்ததும், என் அக்கா அவளைத் தி.நகருக்குக் கூட்டிப் போய் நாயுடு ஹாலில் வாங்கிக் கொடுத்தாள். சென்னையில் வாழ்ந்த பெண்மணிகளுக்கு அந்தக் கடையைச் சொல்லத் தேவையில்லை. 1939-இல் எம்.ஜி. நாயுடு என்பவர் தொடங்கியது. பருத்தித் துணியில் தைத்த பிராவுக்காகவே வெளியூர்களிலிருந்தும் பெண்கள் தேடி வந்த கடை. அங்கே இருந்த அம்மாள் ஒருவர் இவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, 'முப்பத்திரண்டு' என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாராம். போட்டுப் பார்த்தபோது உடம்பில் ஒன்றுமே இல்லாதது போல் இருந்ததாம். "அன்னைக்குத்தான் மூச்சு நல்லா விட்டேன்" என்பாள்.

அந்த முப்பத்திரண்டுதான் மனதில் தங்கிவிட்டது. இரண்டு பிள்ளை பெற்று, உடம்பு வைத்து, கொஞ்சம் இளைத்து, மறுபடி வைத்து, முப்பது வருடத்தில் உடம்பு எங்கோ போய்விட்டது. கடைக்குப் போனால் முப்பத்திரண்டு கேட்பாள், இறுக்கினால் அடுத்த முறை முப்பத்து நான்கு, பிறகு முப்பத்தாறு. டேப் வைத்து யாரும் அளக்கவில்லை. விசாரித்ததில் நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கதை இதுதான் போலிருக்கிறது. பதினெட்டு இருபது வயதில் யாரோ சொன்ன எண்ணை ரேஷன் கார்டு எண் மாதிரி கடைசி வரை சுமக்கிறார்கள்.

2022-ஆம் வருடம் ஏப்ரலில் ஒரு நாள், முன்பக்கம் ஊக்கு மாட்டும்போது இடது மார்பகத்தில் கோலிக்குண்டு அளவில் ஏதோ விரலில் தட்டியிருக்கிறது. என்னிடம் அவள் சொன்னது ஜூன் மாதம். இரண்டு மாதம் ஏன் சொல்லவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். "இதை எப்படிங்க உங்ககிட்ட ஆரம்பிக்கிறது?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

சௌல்தாரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, பிறகு போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீவிஜயபுரம்) போய், அங்கிருந்து சென்னை. ஜூலையில் இடது மார்பகத்தை முழுவதுமாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு மருந்து, கதிர் சிகிச்சை எல்லாம் முடித்துத் தீவுக்குத் திரும்பியபோது அடுத்த வருடம் பிறந்துவிட்டது. உயிர் தப்பியது. டாக்டர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கையில் கொடுத்த காகிதத்தில் மாத்திரை இருந்தது, உணவு இருந்தது, கைப் பயிற்சி இருந்தது. இனிமேல் உள்ளே என்ன உடுத்துவது என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். அதில் ஒரு அம்மாள், நல்ல மனுஷிதான், "ராத்திரியும் இறுக்கமா பாடி போட்டுட்டே படுத்தா இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தானே வரவழைத்துக்கொண்டோம் என்று நினைத்துவிட்டாள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1995-இல் அமெரிக்காவில் ஒரு தம்பதி புத்தகம் எழுதிக் கிளப்பிவிட்டது. அதற்கு ஆதாரம் கிடையாது. 2014-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சி மையம் ஒன்று, மாதவிடாய் நின்ற பெண்கள் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேரை விசாரித்தது. எந்த வயதில் பிரா போட ஆரம்பித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த அளவு, கம்பி வைத்ததா இல்லாததா என்று எல்லாம் கேட்டுப் பார்த்தும், புற்றுநோய்க்கும் பிராவுக்கும் சம்பந்தம் எதுவும் தெரியவில்லை. இதைத் தமிழில் எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கவலை தீர்ந்ததும் அடுத்தது ஆரம்பித்தது. பழைய பிராவைப் போட்டு, காலியான பக்கத்தில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொள்வாள். துணிக்கு எடை இல்லை. பத்து நிமிடத்தில் அது கழுத்தை நோக்கி ஏறும். மற்றப் பக்கம் கீழே இழுக்கும். முந்தானையை இழுத்து இழுத்து விட்டபடியே இருப்பாள். வலது தோளில் பட்டி அழுத்தி விரல் அகலத்துக்குப் பள்ளம். கழுத்து வலி, தலை வலி. நான் அதெல்லாம் மருந்தின் பின்விளைவு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். ஒருநாள் பஸ்ஸில் போய் வந்தவள், "எல்லாரும் பாக்குறாங்க, இனிமே நான் டவுனுக்கு வரலை" என்று சொல்லிவிட்டாள். சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு அந்த வருடம் நான் மட்டும் வந்தேன். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று உங்களில் பலரிடம் சொன்னேன். அது பொய்.

கடைகளில் தேடாமல் இல்லை. பஜாரில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். இறங்கினோம் என்று சொல்வதே தப்பு. அவள் உள்ளே போவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நம் ஆண்கள் அனைவரும் அப்படித்தான் நிற்கிறோம். உள்ளே கவுண்டரில் நிற்பது பெரும்பாலும் ஓர் இளைஞன். இவள் குரலைத் தாழ்த்தி முப்பத்தாறு என்பாள். அவன் அட்டைப் பெட்டிகளைப் புரட்டிவிட்டு, "தர்ட்டி சிக்ஸ் இல்லை ஆன்ட்டி, தர்ட்டி எய்ட் எடுத்துக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பான். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. எடுத்ததைத் திருப்பவும் முடியாது. இப்படி ஆறு உருப்படி சேர்ந்தது. ஆறும் சரியில்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால், சில கம்பெனிகள் நம் பின்கோடைப் போட்டதுமே இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது என்று கையை விரித்துவிடும். தீவில் இருப்பவர்களுக்கு இது புதிது அல்ல.

வழி பிறந்தது மனைவியின் அண்ணன் மகளால். கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். கழுத்து வலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று போனில் கேட்டபோது, அந்தப் பெண் எடுத்தவுடன், "அத்தை, என்ன பிரா போடுறீங்க? அளந்தீங்களா?" என்றாள். அத்தை பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். "மாமா, ஊரெல்லாம் சக்கரத்தை அளந்தீங்களே, அத்தையை அளக்கலையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

உடனே தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்தேன். பழக்க தோஷம், அளக்குமுன் டேப்பை என்னுடைய ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குலத்துக்குக் கால் அங்குலம் போல நீண்டிருந்தது! பிளாஸ்டிக் டேப் நாள்பட்டால் இழுபட்டுப்போகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த நாள் புது டேப் வாங்கி வந்தேன்.

அளக்கும் முறையை அவள் சொன்னபடி எழுதுகிறேன். முதல் அளவு மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி, டேப் தரைக்கு இணையாக, மூச்சை வெளியே விட்ட நிலையில். எங்களுக்கு முப்பத்து நான்கு அங்குலம். இரண்டாவது அளவு மார்பகத்தின் மேடான இடத்தின் வழியாகச் சுற்றி. ஒரு பக்கம் இல்லாதவர்களுக்கு அப்படிச் சுற்றினால் கணக்கு தப்பும். அதனால் முதுகெலும்பின் நடுவிலிருந்து நெஞ்செலும்பின் நடு வரை, இருக்கிற பக்கத்தின் மேலாக அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். பத்தொன்பது வந்தது, இரண்டால் பெருக்கினால் முப்பத்தெட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ஓர் எழுத்து: ஏ, பி, சி, டி. ஆக அவளுடைய அளவு 34 டி.

"டியா! அதெல்லாம் சினிமாக்காரிங்க அளவுங்க" என்று சிரித்தாள். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு.

இந்த எழுத்துக் கணக்கு ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. கச்சு என்ற சொல் நம் பழைய இலக்கியத்திலேயே உண்டு என்றாலும், இன்றைய பிராவின் வம்சாவளி வேறு. பாரிசில் எர்மினி கதோல் என்ற அம்மாள் 1889-இல் இடுப்புக் கவசம் போன்ற கோர்செட்டை இரண்டாக வெட்டி மேல்பாதியைத் தனியாக்கினார். அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் இரண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் வைத்துத் தைத்ததற்கு 1914 நவம்பரில் காப்புரிமை வாங்கினார். எழுத்தால் கிண்ணத்தின் அளவைக் குறிப்பது 1932-இல் கேம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கு. சிலர் கீழ் அளவோடு நாலைக் கூட்டி எண்ணைச் சொல்கிறார்கள், சிலர் அப்படியே சொல்கிறார்கள். நம் நாட்டு உடம்புக்கு என்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டும் என்பதற்காகத்தான் நிஃப்ட் நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை எடுத்தது. இத்தனை காலம் நாம் வாங்கியதெல்லாம் அயலார் உடம்புக்குப் போட்ட பட்டியலில்தான்.

இப்போது நான் கண்டுபிடித்த ஒரு விஷயம். (கண்டுபிடிப்பு என்னுடையது அல்ல, தொழிலில் உள்ளவர்களுக்கு எப்போதோ தெரியும். எனக்குப் புதிது.) 34 டி, 36 சி, 38 பி மூன்றிலும் கிண்ணத்தின் கொள்ளளவு ஒன்றே. பட்டை ஒரு அளவு பெரிதானால் எழுத்து ஒன்று குறையும், கிண்ணம் மாறாது. கடைப் பையன் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கொடுத்தது 38 பி. கிண்ணத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. அதனால்தான் முன்பக்கம் பார்த்தால் பொருந்தியது போலவே இருந்தது. ஆனால் சுற்றுப் பட்டை நான்கு அங்குலம் தளர்வு. ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சக்கரத்தைத் திருப்பி அனுப்பியவன் வீட்டில் நான்கு அங்குலம்!

பட்டை தளர்ந்தால் என்ன ஆகும்? எடையைத் தாங்க வேண்டியது அந்தச் சுற்றுப் பட்டைதான். தோள் பட்டி அதைச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. வண்டியில் பிரேக் பீமுக்குக் கீழே சேஃப்டி ஸ்ட்ராப் என்று ஒன்று உண்டு. பீம் கழன்றால் தண்டவாளத்தில் விழாமல் தாங்குவதற்காக வைத்தது. அன்றாட எடை அதன்மேல் வந்தால் எங்கோ கோளாறு என்று பொருள். என் மனைவியின் வலது தோளில் இருந்த பள்ளம் அந்தக் கோளாறுதான். பட்டை முதுகில் மேலே ஏற, முன்பக்கம் கீழே இறங்க, அவள் பட்டியைச் சுருக்கிச் சுருக்கி மொத்தப் பாரத்தையும் தோளுக்கு ஏற்றியிருக்கிறாள். அறுவை நடந்த இடது பக்கத்திலோ கதை இன்னும் மோசம். நிணநீர் முடிச்சு எடுத்த பக்கத்தில் இறுக்கமான பட்டி அழுத்தவே கூடாது; கை வீங்கிக்கொள்ளும்.

கோயம்புத்தூரிலிருந்து மருமகள் 34 டி இரண்டு உருப்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாள். பருத்தி, கம்பி இல்லாதது, மூன்று வரிசைக் கொக்கி. புதிதாக வாங்கும்போது வெளிக் கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள் கொக்கிக்குப் போகலாம். உள் கொக்கியிலேயே ஆரம்பித்தால் பிறகு போக இடமில்லை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை முழுவதும் நுழையக் கூடாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் பட்டை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இருந்தது.

மீதி, காலிப் பக்கம். இதற்குச் சிலிகானில் செய்த மார்பகம் கிடைக்கிறது. அதன் பின்னால் ஒரு கதை. பார்பி பொம்மையை 1959-இல் உலகுக்குக் கொடுத்த மேட்டல் கம்பெனியின் ரூத் ஹேண்ட்லர் அம்மையாருக்கு 1970-இல் இதே நோய் வந்து, இதே இடது மார்பகத்தை எடுத்தார்கள். கடையில் கொடுத்த செயற்கை மார்பகம் அவருக்குப் பொறுக்கவில்லை. இடது வலது என்ற வித்தியாசம்கூட அதில் இல்லையாம். செருப்புக்கே இடது வலது உண்டே! ஒரு நிபுணரோடு சேர்ந்து தாமே வடிவமைத்து 1970-களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டும் அவரிடம் வாங்கியவர்களில் ஒருவர். கோடிக்கணக்கில் பொம்மை விற்ற அம்மாள், கடைசிக் காலத்தில் கடை கடையாகப் போய்ப் பெண்களுக்குத் தம் கையாலேயே அளவு பார்த்துக் கொடுத்தார். பார்பியைவிட இதற்காகத்தான் அவர் பெயர் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சிலிகானில் எடை முக்கியம். ஒரு பக்கம் அரைக் கிலோ, மறு பக்கம் சும்மா என்றால் உடம்பு தானாகச் சாயும், தோள் ஒன்று ஏறும், முதுகு கோணும். எடையை நானே கணக்கிட்டேன். மார்பகத்தின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். ஆகவே கன அளவு தெரிந்தால் எடை தெரியும். ஆர்க்கிமிடீஸ் முறை, ஒரு பெரிய பாத்திரம், வழிந்த தண்ணீரைப் பிடிக்க ஒரு தாம்பாளம், சமையலறைத் தராசு. இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. ஐந்நூற்றுப் பத்து கிராம் வந்தது. அதற்கு நெருங்கியதாகச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று.

அதை வைக்கப் பிராவுக்குள் பை வேண்டும். பை வைத்தே தைத்த பிரா விற்கிறார்கள். நம் தீவில் நாங்கள் தேடிய கடைகளில் இல்லை. எங்கள் தெருக்கோடியில் தையல் போடும் வங்காளத்து தீதியிடம் போனோம். நான் கிராஃப் தாளில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் எல்லாம் வரைந்து கொண்டு போயிருந்தேன். தீதி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாபு, யே இஞ்சின் நஹீ ஹை" என்று சொல்லித் தாளை என்னிடமே கொடுத்து, என்னை வெளியே போகச் சொன்னாள். வழக்கம் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் பை ஒரு வாரத்தில் பிய்ந்தது. எலாஸ்டிக்கின் மேல் நேர்த்தையல் போட்டால், எலாஸ்டிக் நீளும், நூல் நீளாது, அறுந்துவிடும். அடுத்த முறை வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போட்டாள். என்னுடைய பழைய மல் வேட்டியைக் கிழித்து உள்பக்கம் தழும்பில் படும் இடத்தில் வைத்தாள். பக்கவாட்டில் வாய், குனிந்தால் வெளியே வராதபடி ஒரு மடிப்பு. இடது தோள் பட்டியை அகலமாக்கி அடியில் ஃபிளானல் துணி. எழுபது ரூபாய் கேட்டாள். இருநூறு கொடுத்தேன், நூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டாள்.

நம் தட்பவெப்பத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்து தீர்க்கிற ஊர். சிலிகான் வியர்வையில் ஒட்டும், அரிக்கும். அதனால் வெளியே போகும்போதுதான் அது. வீட்டில் பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு அடைத்தது. 'நிட்டட் நாக்கர்ஸ்' என்று அமெரிக்காவில் பெண்கள் தொடங்கிய இந்தப் பின்னல் வேலையை இப்போது இந்தியாவிலும் தொண்டு மனம் கொண்ட பெண்கள் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். என் மனைவி தானே குரோஷாவில் பின்னிக்கொண்டாள். எடை இல்லாவிட்டால் மேலே ஏறும் என்பதால் உள்ளே சுத்தம் செய்த கூழாங்கல் இரண்டு. மழைக்காலத்தில் எதுவும் காயாது என்பதால் பிரா நான்காவது வேண்டும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால் எலாஸ்டிக் வெந்துவிடும். மின்விசிறிக் காற்றே நல்லது. (கொடியில் துணியை யார் கண்ணிலும் படாமல் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கத்தை அவள் விட்டுவிட்டாள். அதற்கும் இந்தக் கட்டுரையில் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.)

எல்லாம் தயாராகி, முழு உடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தாள். முன்னால், பக்கவாட்டில், திரும்பி. நான் பின்னால் நின்றிருந்தேன். "தோள் ரெண்டும் லெவலா இருக்கா?" என்றாள். ஸ்பிரிட் லெவல் எடுத்து வரவா என்றேன். "கண்ணகி தானே திருகி எறிஞ்சா. எனக்கு டாக்டர் எடுத்தாரு. மதுரையை எரிக்க எனக்குத் தெம்பில்லை. டவுனுக்கு வேணா போயிட்டு வரலாம்" என்றாள்.

போனோம். சௌல்தாரியில் ஏறும்போது பஸ்ஸில் இடம் இல்லை. நான் ஏறி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடம் முந்தானையைப் பிடித்தே பழகிய கை, மேலே கம்பியைப் பிடித்திருந்தது. வளைவில் பஸ் சாய்ந்தபோதும் விடவில்லை. இந்த வருடப் பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள், குனிந்து நிமிர்ந்து புள்ளி வைத்தாள். பரிசு கிடைக்கவில்லை. அதில் நடுவர்கள் மேல் எனக்கு இன்னமும் வருத்தம்தான். அதை வேறொரு கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரப் பெண் வந்தாள், நோய் ஒன்றும் இல்லை, தோள் பள்ளம்தான். பிறகு தீதியே வந்தாள், ஊருக்கெல்லாம் தைப்பவள் தன்னை அளந்ததில்லை. போன மாதம் அறுவை முடிந்து வந்த ஒரு மலையாளத்து அம்மாள், மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. யாராவது வாசலில் தயங்கி நின்றால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பாக்குத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். போகுமுன் டேப்பை ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன்.